விமானம் என்ன, நடுநிலைப் பள்ளியா? – ‘அப்கிரேடு’ சொல் விளக்கம்

விமானப்படையின் பழைய விமானம் பற்றிச் செய்தி வந்தால் ‘தரம் உயர்த்தப்பட்ட’ என்ற அடைமொழியும் தவறாமல் கூடவே வருகிறது. மிக்-29 தரம் உயர்ந்தது, ஜாகுவார் தரம் உயர்ந்தது, சரக்கு ஏற்றும் ஏஎன்-32ம் தரம் உயர்ந்தது. தமிழில் தரம் உயர்வது எது? நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகும், பேரூராட்சி நகராட்சியாகும். பெயர்ப்பலகை மாறும், பணியிடங்கள் கூடும். மிக்-29 ஏறிப்போக அப்படி மேல்வகுப்பு ஏதுமில்லை.

இதற்கு மூலமான ஆங்கில ‘அப்கிரேடு’ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சாலையின், ரயில் பாதையின் ஏற்றத்தைக் குறித்த சொல். படி என்று பொருள்படும் லத்தீன் ‘கிராடுஸ்’ அதன் வேர். பிறகு பதவி உயர்வுக்கும் அதன்பின் கருவிகளுக்கும் போனது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பதவி உயர்வு என்ற நடுப்படியிலேயே இறங்கிவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, ‘தரம்’ என்றால் இன்று காதில் முதலில் விழுவது நல்லது, மட்டம் என்ற பொருள்தான். தரம் உயர்த்தினார்கள் என்றால் அதுவரை மட்டமான விமானத்தை ஓட்டினார்கள் என்றாகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், பட்டறையில் தனித்தனியாக நடக்கும் மூன்று வேலைகளை இந்த ஒரே சொல் விழுங்கிவிடுவது. முதலாவது ஓவர்ஹால்: குறித்த மணிநேரம் பறந்ததும் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, பழைய அளவுக்கே கொண்டுவருவது. லாரிப் பட்டறையில் ‘இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பது’ என்பார்களே, அதுதான். இரண்டாவது அப்கிரேடு: முன்பு இல்லாத திறனைச் சேர்ப்பது. மிக்-21 பைசன் நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 125 மிக்-21பிஸ் விமானங்களில் கோப்யோ ரேடார், ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள், தலைக்கவசத்தில் குறிபார்க்கும் கருவி எல்லாம் ஏறின. சேர்ப்பதற்கு விலையும் உண்டு: எடை கூடும். ஜாகுவாரில் வழிகாட்டவும் குறிபார்க்கவும் டாரின்-3 கருவிகள் வந்தன. ஆனால் இன்ஜின் அதே அடூர் 811. அதை மாற்றும் திட்டம் 2019இல் கைவிடப்பட்டது.

மூன்றாவது, வரம்பைத் தாண்டியும் பறக்க விமானத்தின் உடலைத் தயார்செய்வது. இதுதான் செய்தியில் காணாமலே போகிறது. புது ரேடார் வைத்தால் இறக்கைக்கு வயது குறையாது. விமானம் வளைந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் இறக்கையின் உலோகம் சுமையை வாங்குகிறது, பிறகு இறக்குகிறது. அந்தச் சோர்வில், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் துளை விளிம்பில்தான் பெரும்பாலும் முதல் விரிசல் பிறக்கும். அதனால் ரிவெட்டைக் கழற்றி, சுழல் மின்னோட்டச் சோதனையில் துளையைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால், அது போகும்வரை துளையைச் சற்றே பெரிதாக்குகிறார்கள். பிறகு துளையைவிடத் தடித்த உருளை ஒன்றை அதன் வழியே இழுத்தெடுப்பார்கள். சுற்றியுள்ள உலோகம் உள்நோக்கி இறுகிக்கொள்ளும். மீண்டும் விரிசல் விட எளிதில் இடம் தராது. அதன்மேல் அளவு கூடிய ரிவெட். இதற்கும் எல்லை உண்டு. துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்குப் பொதுவாகத் துளை விட்டத்தைப்போல் இரு மடங்கு இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதுதான். அமெரிக்காவின் ஏ-10 தாக்குதல் விமானத்துக்கு விரிசல் கண்ட இறக்கைகளையே மாற்றினார்கள். அந்த ஒப்பந்தம் போயிங்குக்கு 2007இல் போனது.

எத்தனை மணிநேரம் கூட்டலாம் என்பதும் குத்துமதிப்பான கணக்கு அல்ல. அமெரிக்காவின் எஃப்-16 போர்விமானம் ஒன்றைச் சோதனைச் சட்டகத்தில் பூட்டி, 27,000 மணிநேரத்துக்கும் மேல் பறந்தால் வரும் சுமையை அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை வைத்தே 8,000 மணிநேர வரம்பை 12,000 ஆக்க 2017இல் ஒப்புதல் தந்தார்கள். மிக்-29க்கு 2008இல் போட்ட ஒப்பந்தத்திலும், ஏஎன்-32க்கு உக்ரைனுடன் 2009இல் போட்ட ஒப்பந்தத்திலும் 25 ஆண்டு வரம்பு 40 ஆனது. கூடவே புதுக் கருவிகளும் வந்தன. இரண்டு வேலைகள், ஒரே ஒப்பந்தம். குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

தப்பிக்க நினைப்பவர்கள் ‘நவீனமயமாக்கல்’ என்கிறார்கள். காவல்துறைக்கும் அதே சொல், ரேஷன் கடைக்கும் அதே சொல். புது ரஃபேல் வாங்கினாலும் விமானப்படை நவீனமயமாக்கல்தான், பழைய ஜாகுவாரைப் பழுதுபார்த்தாலும் அதுதான். வாங்கியதா பழுதுபார்த்ததா என்று வாசகருக்குச் சொல்லாத சொல் எதற்கு?

‘ஆயுள் நீட்டிப்பு’ பரவாயில்லை. ஆனாலும் மருந்து விளம்பர வாடை அடிக்கிறது. அரசு அலுவலகத்திலேயே நல்ல சொல் கிடக்கிறது: பணிநீட்டிப்பு. ஓய்வுபெறும் நாளில் பணிநீட்டிப்பு வாங்கியவருக்கு வயது குறைவதில்லை. இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்க்கலாம் என்று ஒப்புதல் கிடைக்கிறது, அவ்வளவே. விமானத்துக்கும் நடப்பது அதுதான். எனவே மூன்றாவது வேலை பணிக்கால நீட்டிப்பு. ஓவர்ஹாலுக்கு முழுச் சீரமைப்பு போதும். அப்கிரேடுக்கு எல்லோரும் அறிந்த ‘மேம்படுத்தல்’ இருக்கிறது. ஆனால் எதை என்று சேர்த்தே எழுத வேண்டும்: ரேடார் மேம்படுத்தல், ஏவுகணை மேம்படுத்தல்.

‘தரம் உயர்த்தப்பட்ட மிக்-29’ என்று இனி ஒரு வரி வந்தால், ‘ரேடார் மாற்றி, பணிக்காலம் 40 ஆண்டாக நீட்டிக்கப்பட்ட மிக்-29’ என்று திருத்திக்கொள்ளலாம். நீளம்தான், செய்தி ஆசிரியர் இடமில்லை என்பார். இடமில்லையென்றால் ‘தரம் உயர்த்தப்பட்ட’ என்பதை அடித்துவிட்டு வெறும் மிக்-29 என்று போடட்டும்.