தொழுகை அழைப்பான பாங்கின் நேரத்தை வானம் எப்படிக் குறிக்கிறது?

பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கும் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். இன்றைக்கு இருக்கும் நேரம் அடுத்த வாரம் இருக்காது. ஐந்து வக்துகளையும், அதாவது தொழுகை வேளைகளையும், தீர்மானிப்பது சூரியன் நிற்கும் இடம். கடிகாரம் அதைப் படியெடுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நாமே சோதித்துப் பார்க்க எளிதானது பிற்பகல் தொழுகையான அஸர். 1 மீட்டர் குச்சி ஒன்றை வெயிலில் செங்குத்தாக நடுங்கள். உச்சிப்பொழுதில் நிழல் மிகவும் குட்டையாகும்; 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சூரியன் சாய்ந்து நிழல் மறுபடி நீளத் தொடங்கினால் லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரம். நிழல் 120 செ.மீ. ஆனதும், அதாவது குச்சியின் நீளத்தோடு உச்சி நிழலும் சேர்ந்ததும், ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு) அஸர் வந்துவிடும். இன்னொரு மத்ஹபான ஹனஃபிகளின் வழக்கமான கணக்கில் 220 செ.மீ. ஆக வேண்டும். பூமத்திய ரேகையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில், முதல் கணக்குப்படி உச்சியிலிருந்து 3 மணி நேரத்தில் அஸர். இரண்டாவதன்படி ஏறக்குறைய நாலே கால் மணி நேரம்.

இந்தக் கணக்குக்கென்றே அந்தக் காலப் பெரிய பள்ளிவாசல்களில் ஆள் இருந்தார்கள். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் அந்தப் பொறுப்பில் இருந்த வானியலாளர் இப்னு அல்-ஷாதிர், 1371-ல் அதன் மினாராவுக்கு (பாங்கு சொல்லும் கோபுரம்) ஒரு நிழல் கடிகாரம் செய்து வைத்தார்.

சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபில் குழப்பமே இல்லை என்று தோன்றும். ஆனால் அடிவிளிம்பு தொடுவானத்தைத் தொடும்போது நாம் பார்க்கும் சூரியன், உண்மையில் முழுசாகக் கீழே இறங்கிவிட்டிருக்கும். காற்றுமண்டலம் ஒளியை வளைத்து அதை அரை டிகிரிக்கும் சற்று மேலே தூக்கிக் காட்டுகிறது. உயரமும் சேர்ந்து விளையாடும். புர்ஜ் கலீஃபாவின் 80-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011-ல் துபாயில் மார்க்கத் தீர்ப்பே சொன்னார்கள். மேலே போனால் தொடுவானம் தாழும். சூரியன் அங்கே இன்னும் மறைந்திருக்காது.

உண்மையான சிக்கல் வைகறைத் தொழுகையான ஸுபுஹில்தான். இருட்டான இடத்தில், விடிவதற்கு வெகுமுன்பே கிழக்கில் ஒரு மங்கிய வெளிச்சம் கூம்பாக மேலே எழும். கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி அது. மார்க்க நூல்கள் இதைப் பொய் வைகறை என்று ஒதுக்குகின்றன. அடிவானத்தை ஒட்டி அகலவாக்கில் வெளிச்சம் பரவினால்தான் மெய் வைகறை, ஸஹர் (நோன்புக்கு முன் உண்ணும் நேரம்) முடிந்தது. விளக்கு வெளிச்சம் நிறைந்த நகரத்தில் அந்தக் கூம்பைப் பார்க்கவே முடியாது.

சரி, பரவல் எந்த நொடியில் தொடங்குகிறது? அதற்குக் கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது. அதனால்தான் சூரியன் தொடுவானத்துக்கு 18 டிகிரி கீழே இருக்கும்போது என்று சில அட்டவணைகளும், 15 என்று சிலவும், 19.5 என்று எகிப்தும் வைத்துக்கொள்கின்றன. சூரியன் செங்குத்தாக ஏறும் பூமத்திய ரேகைப் பக்கத்திலேயே 3 டிகிரி என்றால் 12 நிமிடம். வடக்கே போகப் போக இன்னும் கூடும்.

லண்டன் அளவுக்கு வடக்கே போனால் ஜூன் இரவுகளில் சூரியன் 18 டிகிரி ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. அப்போது இரவை ஏழு பங்காக்கி, முதல் பங்கு முடிந்ததும் இரவுத் தொழுகையான இஷா, கடைசிப் பங்கு தொடங்கியதும் ஸுபுஹு என்று கணக்கிடும் வழியும் புழக்கத்தில் இருக்கிறது.