ஏ மைனருக்குள் இருக்கும் சி மேஜர்

குன்னூர், கோத்தகிரி பக்கம் சபைகளில் கீபோர்டு வாசிக்கிற தம்பி தங்கைகள் பலர் இப்போது அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் காஸ்பல் பாணிக்கு வந்துவிட்டார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் மைனர் நைன்த், மைனர் லெவன்த் என்று கார்டின் (சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டத்தின்) பெயரைக் கேட்டதுமே விரல் வைக்கும் இடத்தை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏ மைனர் என்பது ஏ, சி, ஈ. அதன்மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக வெள்ளைக் கட்டைகளை அடுக்குங்கள். ஜி சேர்ந்தால் செவன்த், பி சேர்ந்தால் நைன்த், டி சேர்ந்தால் லெவன்த். சரி, இப்போது நைன்த் கார்டில் அடியில் உள்ள ஏ-வை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழுத்திப் பாருங்கள்: சி, ஈ, ஜி, பி. அது சி மேஜர் செவன்த்! லெவன்தின் உச்சியில் இருக்கும் ஜி, பி, டி இன்னொரு மேஜர். மைனரின் துக்கமும் மேஜரின் ஆறுதலும் சேர்ந்தே கேட்பது இதனால்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். (கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு: ஏ-வை சட்ஜமாக வைத்தால் மைனர் லெவன்தில் இருப்பவை கரகரப்பிரியாவில் தைவதம் நீங்கலான ஆறு சுரங்கள்.)

இத்தனை சுரத்தையும் இடது கையில் கீழே அடுக்கினால் சேறு மாதிரி குழம்பிவிடும். காரணம் நம் காதில் இருக்கிறது. 110 ஹெர்ட்ஸ் ஏ-வும் அதற்கு மேலுள்ள சி-யும் சுமார் 21 ஹெர்ட்ஸ்தான் தள்ளி இருக்கின்றன. அவ்வளவு நெருக்கமான இரண்டு அதிர்வுகளை உள்காதின் காக்ளியாவால் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல், வினாடிக்கு இருபது தடவைக்கு மேல் துடிக்கிற ஒரு கரகரப்பாகவே கேட்கிறது. அதே ஜோடியை 440-இல் வாசித்தால் இடைவெளி 83 ஹெர்ட்ஸ், கரகரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். 1965-இல் ப்ளாம்ப், லெவெல்ட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். அதனால் இடது கைக்கு ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரம்) மட்டும், வேண்டுமானால் அதன் ஐந்தாவது சுரம். மற்றதெல்லாம் நடு சி-யை ஒட்டி வலது கைக்கு.

உங்கள் சபையில் பழைய மரப் பியானோ இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நம் மலை ஈரத்துக்கு அதன் ஒலிப்பலகை ஊதிக் கம்பிகளை இழுக்கும், நடுப்பகுதி சுருதி கூடிவிடும், ஏற்கெனவே நெருக்கமாக இருக்கிற சுரங்கள் இன்னும் மோதும். அந்த மாதங்களில் லெவன்தை விட்டு நைன்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் பயிற்சிக்கு இது போதும். இடது கையில் டி, வலது கையில் எஃப், ஏ, சி, ஈ: டி மைனர் நைன்த். இடது கையை ஜி-க்கு மாற்றி, வலது கையில் சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள், ஜி தர்ட்டீன்த் வந்துவிடும். அடுத்து இடது கையில் சி, வலது கையில் பி அப்படியே இருக்க எஃப் ஈ-க்கும், ஏ ஜி-க்கும், ஈ டி-க்கும் இறங்கினால் சி மேஜர் நைன்த். இதை மெதுவாக, பன்னிரண்டு சுருதியிலும் வாசியுங்கள்.