கடனைக் கட்டிக் கொடுக்கிறதுக்கு முதல்

சூதாடிக் கடன்பட்டவனின் கதையை திரில்லராக எடுத்தால் கடைசியில் கத்தியோடு ஒருவன் வாசலில் நிற்பான். எங்கள் ஊர்களில் பெரும்பாலும் வாசலுக்கு வருவது சீட்டுக் காசு கேட்கும் பக்கத்து வீட்டு அக்கா. சீட்டுக் காசு, சங்கக் காசு, கடைக் கல்லாக் காசு எதை எடுத்தாலும் அவன் மனதில் அது களவு இல்லை, கைமாற்றாக எடுத்தது. வெள்ளிக்கிழமை வென்றதும் வைத்துவிடலாம்.

விஷயம் தெரிந்ததும் வீட்டார் கடனை அடைக்க ஓடித் திரிகிறார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, கனடாவிலிருந்து அண்ணன் காசு அனுப்புகிறார், கடன் ஒரே நாளில் தீர்கிறது. பிழை இங்கேதான். 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து வகைப்படுத்தி 9 அறிகுறிகளை வைத்தது. 12 மாதத்துக்குள் 4 இருந்தாலே நோய். விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவது ஒன்று, பொய் சொல்வது ஒன்று. இக்கட்டில் காசுக்கு மற்றவர்களை நம்பியிருப்பதும் அந்த ஒன்பதில் ஒன்று. கடன் தீர்ந்த கையோடு அவனுக்குப் புதிதாகக் கடன் எடுக்க இடம் கிடைக்கிறது.

முதலில் வேண்டியது முழுப் பட்டியல். அவன் வாயால் சொல்லும் முதல் தொகை அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். போனைப் பக்கத்தில் வைத்து, மூன்று மாத வங்கிக் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு 500, 1000, 2000 என்று அடுத்தடுத்துப் போயிருக்கும். பேர்ஸில் அடகுத் துண்டுகள் இருக்கிறதா, எந்தத் திகதியோடு நகை மூழ்கப் போகிறது என்றும் பாருங்கள்.

பிறகு வங்கி அட்டை, போன் வழி வங்கிக் கணக்கு, காணி உறுதி எல்லாம் வேறொருவர் கைக்கு மாற வேண்டும். அவனிடம் அன்றாடச் செலவுக்கான காசு மட்டும்.

கட்டுவது அதற்குப் பிறகு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியவர் மாதாமாதம் வட்டி மட்டும் 10,000 கட்டுகிறார்; பத்து மாதத்தில் ஒரு லட்சம் போயும் முதல் அப்படியே நிற்கும். ஆகவே அதிக வட்டிக் கடன் முதலில். காசை அவன் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடம் நேரே கொடுத்து, எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலையையும் கடதாசியையும் அந்த இடத்திலேயே திருப்பி வாங்குங்கள்.

வயதானவர் திடீரென்று சூதாடத் தொடங்கினால் மருந்துச் சீட்டையும் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல் போன்றவை சிலருக்கு இதைத் தூண்டும். மருந்தைத் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பட்டியல் வெளியே வந்த இரவு ஆளைத் தனியே விட வேண்டாம். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.