வறட்சித் தாங்குதிறன்

பயிர்களைப் பொறுத்து ஆங்கிலத்தில் 'டிரவுட் டாலரன்ஸ்' எனப்படுவதைத் தமிழில் வறட்சி எதிர்ப்புத்திறன், வறட்சித் தாங்குதிறன், வறட்சி சகிப்புத்தன்மை என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். மூன்றும் ஒன்றல்ல.

'டாலரன்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது. சுமப்பது, பொறுப்பது என்பது அதன் மூலப்பொருள். நம் 'தாங்கு' என்பதற்கும் அதே இரண்டு பொருளும் உண்டு. சகிப்பு மனம் சார்ந்தது. நெற்பயிருக்கு அது எதற்கு? (ஏரிக்கும் 'தாங்கல்' என்றொரு பெயர் உண்டு என்பது கூடுதல் பொருத்தம்.) 'வறட்சி'க்கு அடி 'வற' என்ற வினை. குறளில் 'வானம் வறக்குமேல்' என்று வருகிறதே, அதுதான்.

எதிர்ப்புத்திறன் பொதுப்பெயர். பயிர் வறட்சியைச் சமாளிக்கும் எல்லா வழிகளும் அதில் அடங்கும். மழை நிற்பதற்குள் பூத்துக் காய்த்து முடித்துக்கொள்வது தப்பித்தல். வேரை ஆழமாக விட்டோ, இலைத்துளைகளை மூடியோ உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது தவிர்த்தல். அதையும் மீறி நீர் குறைந்தபின், புரோலின் என்ற அமினோ அமிலம், சர்க்கரை போன்றவற்றைச் செல்லுக்குள் சேர்த்துவைத்துச் சாகாமல் இயங்குவதுதான் கறாரான பொருளில் தாங்குதல்.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. வழி மாறினால் தேடவேண்டிய மரபணுவும் மாறும். 'டிரோ-1' என்ற நெல் மரபணுவையே பாருங்கள். வேர் எந்தக் கோணத்தில் இறங்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. ஐ.ஆர்.64 நெல்லுக்கு மேலோட்டமான வேர். பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல்லான கினாண்டாங் பாத்தோங்கில் இருந்த டிரோ-1 வடிவத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கலப்பு செய்து ஐ.ஆர்.64க்குள் கொண்டுவந்தார்கள். வேர் செங்குத்தாக இறங்கியது, வறட்சியிலும் விளைச்சல் மேம்பட்டது. முடிவு 2013இல் வெளியானது. செய்திகள் இதைத் தாங்குதிறன் என்றுதான் சொல்லும். கறாராகப் பார்த்தால் இது தவிர்த்தல். 'டிரெப்' மரபணுக்கள் வேறு வகை. நீர் குறைந்ததும் செல்லைக் காக்கும் பல மரபணுக்களை முடுக்கிவிடுபவை அவை. தாங்குதிறன் என்ற பெயர் அவற்றுக்கே சரியாகப் பொருந்தும்.

சரி, எப்போது எதை எழுதுவது? 'வறட்சி தாங்கும் இரகம்' என்ற பேச்சுவழக்கை யாரும் திருத்த வேண்டாம், அது நல்ல தமிழ். ஆய்வுக் கட்டுரையைத் தமிழாக்கும்போது மட்டும், வழி எதுவென்று பார்த்துத் தப்பித்தல், தவிர்த்தல், தாங்குதல் என்று பிரித்து எழுதுங்கள். எதுவென்று தெளிவில்லையென்றால் எதிர்ப்புத்திறன் போதும்.