முதலைக்கு ஏது மக்கள்தொகை?

போன வாரம் அக்கா மகன் இரண்டு கட்டுரைச் சுருக்கங்களைத் தூக்கிக்கொண்டு அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தான். அவனும் அவன் நண்பனும் கல்லூரியில் செய்த ஆய்வுகள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழிலும் ஒரு பக்கம் தர வேண்டுமாம். "எழுத்துப்பிழை மட்டும் பாருங்க மாமா, போதும்" என்றான்.

நண்பனுடையது, மேட்டூர் அணைக்கு மேலே, தண்ணீர் தேங்கி நிற்கும் பக்கங்களில் முதலைகளைத் தேடிய ஆய்வு. இவனுடையது, ஏற்காட்டு மலைமேல் அளந்த காற்று வேகத்துக்கு ஒரு பரவல் (எந்த வேகம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் கணித வடிவம்) பொருந்துகிறதா என்று பார்த்தது. எழுத்துப்பிழை அதிகமில்லை. ஆனால் முதல் தாளில் ஏழு இடத்தில் "முதலைகளின் மக்கள்தொகை" என்று இருந்தது. சரி, இது பழகிய பிழை. யானைகளின் மக்கள்தொகை, புலிகளின் மக்கள்தொகை என்று செய்தியில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. இரண்டாவது தாளைத் திருப்பினேன். "காற்று வேகங்களின் மக்கள்தொகை வெய்புல் பரவலைப் பின்பற்றுகிறது." குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறியது.

சேர்வராயன் மலையில் காற்று குடியிருக்கிறது, அதற்கு ரேஷன் கார்டும் இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ.

மக்கள்தொகை என்று இவர்கள் மொழிபெயர்த்த பாப்புலேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் பாப்புலுஸ் என்றால் மக்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய லத்தீனில் பாப்புலாத்தியோ என்றால் நாட்டைச் சூறையாடுவது. குடிகளின் திரள் என்ற பொருள் பிற்கால லத்தீனில் வந்தது; அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. புள்ளியியல் வளர்ந்ததில் பெரும் பங்கு மனிதர்களை எண்ணியும் அளந்தும் பார்த்த கணக்குகளுக்கு. அதே ஆட்கள் பிறகு பட்டாணி விதையையும் நண்டின் ஓட்டையும் அளந்தபோது சொல்லும் கூடவே போனது. 1922இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர், கருத்தில் மட்டுமே இருக்கிற முடிவற்ற பாப்புலேஷன் ஒன்றைப் பற்றிப் பேசினார். அதில் மனுஷ வாடையே இல்லை. ஆங்கிலக்காரன் காதில் அந்தச் சொல்லுக்குள் இருந்த 'மக்கள்' எப்போதோ செத்துப்போயிற்று.

தமிழில் அப்படி இல்லை. குடிக்கணக்கை நம் தாத்தாக்கள் கானேஷுமாரி என்றார்கள். வீடுகளை எண்ணுவது என்று பொருள்படும் பாரசீகச் சொல். அப்புறம் ஜனத்தொகை, அப்புறம் மக்கள்தொகை. ஜனம் மக்களாக மாறியதில் எனக்குச் சண்டை இல்லை, நல்ல மாற்றம். ஆனால் மக்கள் என்ற சொல் தமிழில் இன்றைக்கும் உயிரோடு மூச்சு விடுகிறது. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்தக் கோட்டைக் கிழித்துத்தான். முதலை கோட்டுக்கு அந்தப் பக்கம். ஐங்குறுநூற்றுப் புலவர்கூட முதலையின் குட்டியைப் 'பார்ப்பு' என்றார், "தன்பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை" என்று. (பாவம் அந்த முதலை. பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோய் விடுவது சதுப்புநில முதலையின் வழக்கம். அதைத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் தின்கிறது என்று நினைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

மக்கள்தொகை தவறு என்பதைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தகராறு அதன் பிறகுதான் தொடங்குகிறது. கொஞ்சம் விவரமான மொழிபெயர்ப்பாளர் என்ன செய்கிறார்? 'மக்கள்தொகை'யை அடித்துவிட்டு 'எண்ணிக்கை' என்று போடுகிறார். "முதலைகளின் எண்ணிக்கை." எளிய சொல், எல்லோருக்கும் புரியும், இதில் என்ன குறை என்பார். முதல் பிழையைவிட இது மோசமான பிழை என்பேன். முதல் பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகரலாம். இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

முதலையை எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். இருட்டியபின் படகிலோ பரிசலிலோ போய்க் கரையோரமாக டார்ச் அடிப்பார்கள். முதலையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, செந்தணலாக மின்னும். மின்னுகிற கண்களை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். கிட்டே போனால் ஆளின் நீளத்தை மதிப்பிடலாம். அதற்குள் மூழ்கிவிட்டால் 'கண் மட்டும்' என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு நாற்பது ஜோடிக் கண் தெரிந்தது என்று வையுங்கள். அந்த நாற்பதுதான் எண்ணிக்கை, ஏனென்றால் எண்ணியது அவ்வளவுதான். நீருக்கடியில் கிடந்தது, கோரைக்குள் படுத்திருந்தது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருந்தது எல்லாம் கணக்கில் வராது. பலத்த காற்றடித்து அலை எழுந்தால் இன்னும் குறையும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு மாதிரி, சூடாக இருந்தால் ஒரு மாதிரி.

மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்ளலாம். 120 அடி நிறைந்து நிற்கும்போது முதலை அத்தனை நீர்ப்பரப்பிலும் சிதறிக் கிடக்கும். கோடையில் நீர்மட்டம் சரிந்தால் மிஞ்சிய மடுக்களில் ஒதுங்கும். டார்ச் அடித்தால் ஒரே இடத்தில் அத்தனை கண். உடனே "முதலைகள் எண்ணிக்கை உயர்வு" என்று தலைப்புப் போடுவார்கள். உயர்ந்தது எண்ணிக்கைதான், பொய்யில்லை. அணையில் ஒரு முதலைகூடக் கூடியிருக்காது. எண்ணியது ஒன்று, இருப்பது வேறொன்று. அளவாய்வு (சர்வே) என்ற கலையே இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டுவதற்காக வந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஆற்றைத் தூர்த்துவிட்டுப் பாலம் கட்டுகிற கதைதான்.

இடைவெளியை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முப்பது முதலைகளைப் பிடித்து, வால் செதிளில் ஒன்றை நறுக்கி அடையாளம் வைத்து விட்டுவிடுகிறோம். பிறகு ஒருமுறை நாற்பது பிடிக்கிறோம். அதில் பன்னிரண்டில் நம் அடையாளம் இருக்கிறது. மொத்த முதலைகளிலும் அடையாளம் உள்ளவை இதே விகிதம்தான் என்று கொள்கிறோம். முப்பதை நாற்பதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் நூறு. இந்த நூறை யாரும் எண்ணவில்லை. கணக்குப் போட்டு வந்தது. இதைப் போய் எண்ணிக்கை என்று எழுதினால் அந்தப் பையன் இருட்டில் தண்ணீரில் நின்றதற்கே அர்த்தமில்லை.

முன்பு ஒருமுறை கோட்டையூர்த் துறையில் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம், இங்கே எத்தனை முதலை இருக்கும் என்று கேட்டேன். "நான் பாத்தது மூணுங்க. உள்ள எத்தனை கெடக்குதோ, யாரு கண்டா?" என்றார். இரண்டையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொன்ன ஆளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மற்ற போட்டிச் சொற்களுக்கு வருவோம். பாடநூல்களில் 'இனக்கூட்டம்' என்று பார்க்கிறேன். கூட்டம் என்றால் கூடி நிற்பது. கரைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிற முதலைகளை எப்படிக் கூட்டம் என்பது? போதாததற்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் 'நீங்க என்ன கூட்டம்?' என்றால் குலம் எதுவென்று கேட்பதாகப் பொருள். முதலைக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி ஆகிவிடும். புள்ளியியல் பாடத்தில் 'முழுமைத் தொகுதி' என்கிறார்கள். முதல் பாதி அருமை. இரண்டாம் பாதியைக் கேட்டதும் நம் ஊரில் யாருக்கும் ஓட்டுப் பெட்டிதான் ஞாபகம் வரும். சேலம் வடக்குத் தொகுதி, தெற்குத் தொகுதி, அடுத்து காற்றின் முழுமைத் தொகுதியா? இலங்கையில் 'குடித்தொகை' என்று எழுதுகிறார்கள். இதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓர் இடத்தில் குடியிருக்கும் உயிர்கள் என்று நீட்டிப் பொருள் கொண்டால் முதலை வரை தாராளமாகப் போகும். காற்றிடம் போய் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதோடு, தமிழ்நாட்டில் குடி என்றதும் எந்தக் கடை வாசல் நினைவுக்கு வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கட்சி எளிது. மக்கள்தொகையில் 'மக்கள்' அடைமொழி. உண்மையான வேலையைச் செய்வது 'தொகை'. தொகு என்ற வினையிலிருந்து வந்தது. எட்டு நூல்களைச் சேர்த்தால் எட்டுத்தொகை. சேர்ந்து முழுதாக நிற்பது தொகை. அதை யாரும் எண்ணியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அடைமொழியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் தீர்ந்தது. முதலைத்தொகை, யானைத்தொகை, மீன்தொகை. பொதுவாகச் சொல்ல உயிர்த்தொகை. புள்ளியியலுக்கு முழுத்தொகை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தொகை என்றால் இப்போது பணம். 'தொகை எவ்வளவு ஆச்சு?' என்றுதான் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் காலை முதல் இரவு வரை பேச்சு. நாலு ரோட்டில் தட்டுவடை செட் தின்றுகொண்டே இதை நண்பரிடம் விளக்கியபோது, "முதலைத்தொகையா? சீட்டுக் கம்பெனியா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் மக்கள்தொகை என்று கேட்கும்போது அவருக்கு ஏன் பணம் ஞாபகம் வரவில்லை? பழகியதால்தான். இதுவும் பழகும்.

காற்றுக்குத் திரும்புகிறேன், மருமகன் தாளில் இந்தச் சொல் சும்மா அலங்காரத்துக்கு வரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி என்று பதிவு செய்தால் ஓராண்டில் 52,560 எண்கள் சேரும். நிறையத்தான். இருந்தாலும் அது ஒரு வருஷத்துக் காற்று. அந்த மலையில் அடித்த, அடிக்கப்போகிற எல்லாக் காற்றின் முன்னால் ஒரு பிடி சோறு. பானைச் சோறுதான் முழுத்தொகை. ஒரு பிடியைப் பதம் பார்த்துப் பானையைச் சொல்லத்தான் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வெய்புல்லின் பெயரில் உள்ள பரவலை வைத்துக்கொள்கிறார்கள்: வடிவத்துக்கு ஓர் எண், அளவுக்கு ஓர் எண். வெறும் சராசரி ஏன் போதாது என்றால், காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி, அதாவது வேகத்தை வேகத்தால் இருமுறை பெருக்கிய கணக்கில், ஏறும். எப்போதும் ஆறு என்று வீசினால் 216. பாதி நேரம் மூன்று, பாதி நேரம் ஒன்பது என்று வீசினால் சராசரி அதே ஆறுதான், ஆனால் மும்மடியின் சராசரி 378. பரவலின் வடிவம் தெரியாமல் காற்றாலை நட்டால் கணக்கு எங்கோ போகும்.

அந்தத் தாளில் இன்னொரு கொடுமையும் இருந்தது. "மாதிரியிலிருந்து பெற்ற மாதிரி, மாதிரிக்குப் பொருந்துகிறது." முதல் மாதிரியும் மூன்றாவதும் எடுத்துப் பார்த்த ஒரு பிடி (சாம்பிள்), நடுவில் உள்ளது கணித உரு (மாடல்). இரண்டுக்கும் தமிழில் மாதிரி என்றே எழுதிப் பழகிவிட்டார்கள், பாடநூல் உட்பட. இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், எழுதுவேன். இப்போதைக்குச் சொல்ல வேண்டியது இது: இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததை ஒருவராவது வாய்விட்டுப் படித்திருந்தால் இந்த வாக்கியம் அச்சுவரை வந்திருக்காது. அகராதியில் முதலில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைத்துவிட்டோம். முன்பெல்லாம் ஆள் செய்த பிழையில் ஓர் ஆளின் குணம் தெரியும். இப்போது எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

மருமகன் தாளில் சிவப்பு மையில் இப்படி மாற்றிக் கொடுத்தேன்: "காற்று வேகங்களின் முழுத்தொகை வெய்புல் பரவலுக்குப் பொருந்துகிறது." நண்பனுடையதில்: "ஐந்து இரவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு முதலைத்தொகை மதிப்பிடப்பட்டது." அவன் படித்துப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை, தொகை ரெண்டும் ஒண்ணுதானே மாமா?" என்று கேட்டான். உட்காரச் சொல்லி, இன்னொரு காபி போடச் சொன்னேன்.