காய்ச்சல் விட்டும் ஓடாத ஓட்டக்காரன்

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகன் ஒரு திசைகாட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். முள் சரியாகத் திரும்பாமல் மக்கர் செய்தது.

"என்னப்பா, வாஸ்து பாக்குறியா?" என்றார் ஆத்தா.

"இல்ல ஆயா, ஓடுறதுக்கு."

"ஓடுறவனுக்கு இது என்னத்துக்கு? நீதான் வந்ததுலேர்ந்து ஓடவே இல்லையே?"

ஸ்வீடனில் படிக்கிறவன். அங்கே ஓரியண்டியரிங் என்ற ஓட்டப் போட்டியின் பைத்தியம் பிடித்துவிட்டது. கையில் வரைபடம், திசைகாட்டி. காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்கும் துணிக்கூடுகளை வரிசை மாறாமல் தொட்டுவர வேண்டும். வழியை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குளிர்காலத்தில் வைரஸ் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள், உடம்பு தேவலையென்று பயிற்சிக்குப் போய்விட்டான். நெஞ்சு வலித்தது. இதயத் தசையில் அழற்சி என்றார் டாக்டர்.

சளி, காய்ச்சல் தரும் வைரஸ்களில் சில, ரத்தத்தோடு போய் இதயத் தசைச் செல்களுக்குள்ளும் புகும். அவற்றை ஒழிக்க வரும் வெள்ளணுக்கள், வைரஸ் புகுந்த செல்லையும் சேர்த்தே அழிக்கின்றன. அந்த இடம் வீங்குகிறது. சிலருக்குப் பின்னால் தழும்பாகிவிடும். இதயத் துடிப்போ செல்லுக்குச் செல் தாவிப் போகும் மின் அலை. வீங்கிய திட்டில் அது தயங்கும், சுற்றிக்கொண்டு வந்த இடத்துக்கே திரும்பும். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாமலே போகலாம். முழு வேகத்தில் ஓடினால் அட்ரினலின் ஏறி, துடிப்பு தாறுமாறாகி, இதயம் நின்றே போகலாம். காக்சாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவிட்டு 1970-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஓய்வில் இருந்த எலிகளைவிட, நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது.

ஸ்வீடன்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 1979 முதல் 1992 வரை அங்கே 16 இளம் ஓரியண்டியரிங் வீரர்கள் திடீரென இறந்தார்கள். பலரது இதயத்தில் அழற்சியின் தடயம் இருந்தது. ஆறு மாதம் போட்டிகளையே நிறுத்தி, தொற்று இருக்கும்போது ஓடாதே என்று சங்கம் கண்டிப்பாகச் சொன்னது. அதன்பின் அந்த வரிசை அறுந்தது. அழற்சி உறுதியானவருக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம் கூடாது என்பது டாக்டர்கள் பல காலமாகச் சொல்லிவந்த விதி. எங்கள் பிள்ளைக்கு இது மூன்றாவது மாதம்.

ஆனால் இந்த விளையாட்டில் பாதி தலையில் நடக்கிறது. மூச்சு வாங்க ஓடும்போது வரைபடத்தைத் தப்பாகப் படிப்பது சகஜம். நடந்தால் அந்தத் தொல்லை இல்லை. டாக்டர் நடக்கச் சொன்னதும், அங்கேயே காட்டுக்குள் நடந்து பழகினானாம். வரைபடத்தை நாலாக மடித்து, நிற்கும் இடத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொள்வான். திரும்பும்போதெல்லாம் படத்தையும் திருப்புவான். எதிரே இருப்பது படத்திலும் எதிரேதான் இருக்க வேண்டும். நகம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, முள் ஏன் மக்கர் செய்தது? பூமியின் காந்தக் கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்கத் தரைக்குள் சாய்கின்றன. ஸ்டாக்ஹோமில் சாய்வு 70 பாகைக்கும் மேல். முள்ளின் வடமுனை கீழே இழுபடும் என்பதால், தென்முனையில் கொஞ்சம் எடை வைத்துச் சமன் செய்து விற்கிறார்கள். சாய்வே இல்லாத காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. செட்டிநாட்டில் சாய்வு பத்துப் பாகைகூட இல்லை. வடமுனையைக் கீழே இழுக்க ஆளில்லை, தென்முனை மட்டும் எடையில் தாழ்ந்து கூட்டின் அடியில் உரசுகிறது. கையை லேசாகச் சாய்த்துப் பிடித்தான், முள் விடுபட்டு வடக்கே போய் நின்றது.

வெயில் தாழ்ந்ததும் தெருக்களை வரைய உட்கார்ந்தான். ஊருக்குள் நடக்கும் குறுந்தூரப் போட்டிக்கு 1:4,000 அளவு; ஒரு சென்டிமீட்டருக்கு 40 மீட்டர். வீடுகளுக்குச் சாம்பல் நிறம் தீட்டினான். ஊருணியைச் சுற்றி அடுத்த தெருவுக்குப் போகும் வழியை விரலால் காட்டினான்.

"எதுக்குச் சுத்துற? நம்ம முகப்புல நுழைஞ்சு, வளவு தாண்டி, பின்வாசல்ல இறங்குனா அடுத்த தெருதானே."

"சாம்பல் நிறத்துக்குள்ள போனா ஆட்டத்தை விட்டே வெளியேத்திடுவாங்க ஆயா."

"நம்ம வீட்டுக்குள்ள போறதுக்கா?" என்றார் ஆத்தா.