பிறர் பிடித்துத் திருப்பினாலும் திரும்பாத தோள்

முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை நேர் முன்னால் நீட்டுங்கள். முழங்கை விலகாமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல தோள் 60 டிகிரியை ஒட்டித் திரும்பும். வலிக்கிற தோளால் அவ்வளவு தூரம் போக முடியாது, அதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது அடுத்த கட்டத்தை. மருத்துவர் அந்தக் கையைத் தன் கையில் வாங்கி மெல்லத் திருப்புகிறார். நோயாளியின் தசைக்கு இப்போது வேலையே இல்லை. அப்படியும் கை ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், தோள்வலிக்கான நீண்ட காரணப் பட்டியல் ஏறக்குறைய இரண்டாகச் சுருங்கிவிடும்: ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம், அல்லது மூட்டுத் தேய்மானம். சாதாரண எக்ஸ்ரேயில் மூட்டு நன்றாகத் தெரிந்தால் தேய்மானமும் கழிந்துபோகும். செலவில்லாத இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தாண்டிக்கொண்டு நேராக எம்ஆர்ஐ எடுக்க ஓடும் வழக்கம் எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. தோளின் கிண்ணமோ பெயருக்குத்தான் கிண்ணம். மேற்கை எலும்பின் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குள் அடங்காது. கை எல்லாத் திசைகளிலும் சுழல்வதற்காக உடல் கொடுத்த விலை அது. எலும்பு தராத பிடிப்பை மென்திசுக்கள் தருகின்றன. ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நாண்கள் எலும்புத் தலையைச் சுற்றி அணைத்துப் பிடிக்கின்றன. அவற்றுக்கு உள்ளே மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கையைத் தொங்கவிட்டிருக்கும்போது அந்த உறையின் அடிப்பகுதி, புடவைக் கொசுவம்போல மடிந்து தளர்ந்து கிடக்கும். கையை உயர்த்தும்போது அந்த மடிப்பு விரிந்துகொடுக்கும்.

ஃப்ரோசன் ஷோல்டரில் கெட்டுப்போவது இந்த உறைதான். முதலில் அழற்சி, பிறகு நார்த்திசுச் செல்கள் பெருகி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டி, உறையைத் தடிக்கவைத்துச் சுருக்குகின்றன. அடி மடிப்பு ஒட்டிக்கொள்கிறது. இயல்பாக 15 முதல் 30 மில்லி லிட்டர் திரவம் கொள்ளும் மூட்டுக்குள் 10 மில்லி லிட்டர்கூடப் போகாத நிலை வந்துவிடும். தலை வாருவது, முதுகுப்பக்கம் ரவிக்கையின் கொக்கியை மாட்டுவது, பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுப்பது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. சில மாதங்கள் வலி மேலோங்கியிருக்கும். பிறகு வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும். அதன்பின் மெல்ல மெல்ல விடுபடும். மொத்தத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இழுக்கும். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் கடைசிவரை தங்கிவிடுவதும் உண்டு.

வருவது பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள். பெண்களுக்குச் சற்று அதிகம். நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடியது, சர்க்கரை நோயாளிகளிடம் பத்து முதல் இருபது பேர்வரை போகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைப்பாக்குவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டது. நம் தெருக்களில் ‘கையைத் தூக்க முடியவில்லை’ என்போர் ஏன் இத்தனை பேர் என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது. காரணமே தெரியாமல் தோள் இறுகியவர், சர்க்கரையையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி மருத்துவமனைத் தாளில், காப்பீட்டுப் படிவத்தில் வரும் குறியீட்டுக்கு வருவோம். நோய்களுக்கு எண் கொடுக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் மூட்டுவலிக்கு எம்25.5 என்ற எண். அது நோயாளி சொன்ன புகாரைப் பதிவுசெய்கிறது, அவ்வளவுதான். எம்75 என்று தொடங்கினால் மருத்துவர் காரணத்தைக் கண்டுவிட்டார் என்று பொருள்: எம்75.0 தோள் இறுக்கம், எம்75.1 ரொட்டேட்டர் கஃப் கோளாறு, எம்75.3 நாணில் கால்சியம் படிதல், எம்75.4 உரசல், எம்75.5 மூட்டருகே உராய்வைக் குறைக்கும் நீர்ப்பையின் அழற்சி. விழுந்து மூட்டு நழுவியிருந்தால் எழுத்தே மாறி எஸ்43.0 ஆகிவிடும். அமெரிக்கப் பதிப்பு வலமா இடமா என்றும் கேட்கும், எம்75.01 வலத் தோள், எம்75.02 இடத் தோள். முதல் நாளில் எம்25.5 எழுதுவதில் தவறில்லை. மாதக்கணக்கில் சிகிச்சை நடந்த பிறகும் அதே எண் நின்றால், அந்தக் கையை யாரும் பிடித்துத் திருப்பிப் பார்க்கவில்லையோ என்ற ஐயம் எழத்தான் செய்யும்.

ஆனால் குறியீடு இருப்பதாலேயே அதன் பின்னால் இருக்கும் கருத்து உறுதியாகிவிடாது. எம்75.4ஐயே எடுத்துக்கொள்ளலாம். தோளின் கூரைபோன்ற எலும்பு, கீழே ஓடும் நாணை உரசுவதால்தான் வலி என்று அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972இல் விளக்கினார். அந்த எலும்பைச் செதுக்கிவிடும் அறுவை உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் 313 பேரிடம் இதைச் சோதித்தார்கள், முடிவு 2018இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு உள்ளே கருவியைவிட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடினார்கள். இரு குழுவும் ஒரே அளவில்தான் தேறின. அறுவையே இல்லாத மூன்றாவது குழுவைவிடக் கிடைத்த நன்மையும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. எம்ஆர்ஐ காட்டும் கிழிவும் இப்படித்தான். 1995இல் வலியே இல்லாத 96 பேரின் தோளைப் படமெடுத்ததில் 34 சதவீதத்தினருக்கு நாணில் கிழிவு இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேல். கிழிவு இருப்பது வேறு, வலி அதனால் வருவது வேறு.

தோள் இறுக்கத்துக்குத் திரும்பினால், வலி மேலோங்கிய தொடக்க மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல ஆறுதல் தரும். சர்க்கரை நோயாளிக்கு அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும். அளவு பார்த்து மருந்தைச் சரிசெய்ய வேண்டும். பயிற்சி தேவைதான், ஆனால் அடித்துப் பிடித்து அல்ல. நெதர்லாந்தில் 77 பேரை இரண்டாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், வலியின் எல்லைக்குள் மென்மையாகக் கையை அசைத்தவர்களில் 89 சதவீதத்தினர் நன்கு தேறினர். வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதத்தினரே. சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் கையை வெடுக்கென்று இழுக்கவைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். பிடிவாதமான இறுக்கத்துக்கு மயக்கம் கொடுத்துக் கையைத் திருப்புவதும், சிறு துளைவழியே உறையை வெட்டித் தளர்த்துவதும் உண்டு. பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு இவ்விரண்டையும், ஊசியுடன் கூடிய பிசியோதெரபியையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றொன்றைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. ஆகவே கத்தியில் தொடங்க வேண்டிய அவசரம் பெரும்பாலோருக்கு இல்லை.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் நரம்பு, தோளுக்கு உணர்வு தரும் நரம்புகள் கிளம்பும் அதே கழுத்துப் பகுதியிலிருந்து இறங்குவதால், பித்தப்பைக் கோளாறின் வலி வலத் தோள் நுனியில் தெரியலாம். மாரடைப்பின் வலி தோளுக்கும் கைக்கும் பரவலாம். தோளிலேயே பிறந்த வலி கையை அசைத்தால் மாறும். இவை பெரும்பாலும் மாறா. அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் வலியோடு வியர்வையும் மூச்சிரைப்பும் நெஞ்சில் பாரமும் சேர்ந்தால், வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.